கையுறைக்கு ஒரு டிக்

தரணீதரன் மரியாதையில் குறை வைக்காத ஆள். ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் சொல்வான். அன்று காலை எட்டரைக்கே மரப்பட்டறைக்கு வந்து, நாகஜோதியின் மெஷினுக்கு எதிரே நின்று, “சாப்டீங்களாக்கா?” என்று கேட்டான். சூப்பர்வைசர் சாப்பாட்டை விசாரித்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்பது எட்டு வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும்.

வந்தது. “பதினோரு மணிக்கு ஆடிட்டுங்க. பையர் டெல்லில இருந்து ஆள் அனுப்பறாங்க. அந்த நண்டக் கொஞ்சம் எடுத்து உள்ள வெச்சுருங்க.”

கம்பெனி குழந்தைகளுக்கான குளிர்ச்சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது. பொத்தானுக்குப் பதிலாகச் சட்டையில் கோக்கிற மரக்கட்டைகள் இந்தத் தகரக் கொட்டகையில் தயாராயின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்தான். மரத்தின் விளிம்பைச் சீவுகிற ரூட்டர் மெஷினை மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். அதன் கத்தி மட்டும் மேஜைத் துளை வழியே எட்டிப் பார்க்கும். ஓடும்போது கத்தி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. கட்டையை அதில் உரசிக்கொண்டு போனால் விளிம்பு மழமழவென்று உருண்டுவிடும். ஆனால் அத்தனை சின்னக் கட்டையைக் கையால் பிடித்தால் கட்டை பறக்கும், இல்லையென்றால் விரல் போகும். அதற்காக நாகஜோதியே செய்துகொண்டதுதான் நண்டு. இரண்டு தடித்த பலகை, நடுவே ஒரு போல்ட், வாய்ப்பக்கம் சைக்கிள் டியூப் ஒட்டியது. கவ்வினால் விடாது. கை கத்தியிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கும். பார்க்க அழகாக இருக்காது, கம்பெனியின் சாமான் பட்டியலிலும் அது கிடையாது. அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

“அப்ப கட்டைய எதுல பிடிக்கிறது சார்?”

“கைலயே புடிச்சுக்கலாமுங்க. இதப் போட்டுக்குங்க.”

அவன் நீட்டியது இரும்பு வலைக் கையுறை. கட்டிங் செக்‌ஷனில் துணி வெட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது. அங்கே அது எத்தனையோ பேரின் விரலைக் காப்பாற்றியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. துணி வெட்டும் கத்தி அந்த வலைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ரூட்டர் கத்தி வழுக்காது, சுற்றும். ஒரு கண்ணி மாட்டினால் போதும், மொத்தக் கையையும் சுருட்டி இழுத்துக்கொள்ளும். தரணீதரன் பன்னிரண்டு வருஷம் கட்டிங்கில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். கையுறையைத் தவிர அவனுக்கு வேறு சாமி இல்லை.

“சுத்துற மெஷின்ல கிளவுஸ் போடக் கூடாது சார். ராஜபாண்டி அண்ணன் கிளவுஸ் போட்டுத்தான ரெண்டு நகத்த இங்க விட்டுட்டு அருப்புக்கோட்டைக்கே போயிட்டாரு.”

“அது துணிங்க, இது ஸ்டீலுங்க. லிஸ்ட்ல கையுறைன்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல ஒரு டிக் விழுகோணும். அவ்வளவுதானுங்க.” அவன் சிரித்தான். “புடிக்கலீன்னா வேண்டாமுங்க. பேக்கிங்ல இருந்து ஜோதிகாவக் கூப்ட்டு நிறுத்திக்கறேன். அந்தக் கண்ணு சொன்ன பேச்சுக் கேக்கும்.”

ஜோதிகா அவளுடைய மகள். பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். எந்த மெஷினையும் தொட்டதில்லை. பாவி, எங்கே அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தான். நாகஜோதி கையுறையை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் மனதுக்குள் ஒரு முடிவும் கட்டிக்கொண்டாள். ஆடிட்டரிடமே சொல்லிவிடுவது. தொழிலாளியின் பாதுகாப்பைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறி வருகிற மனுஷர், கேட்காமலா போய்விடுவார்?

பதினொன்றேகாலுக்கு அவர் வந்தார். நல்ல முகம். கூடவே எச்.ஆர். தேவிப்பிரியா. பொங்கலூர்ப் பெண், எம்.பி.ஏ. படித்தவள், தொழிலாளிகள் சொல்வதை ஆடிட்டருக்கு இங்கிலீஷில் சொல்வது அவள் பொறுப்பு. ஆடிட்டர் கையுறையைக் காட்டி ஏதோ கேட்டார். “இதப் போட்டு வேல செய்ய எப்படி இருக்குன்னு கேக்கறாருங்க,” என்றாள் தேவிப்பிரியா.

நாகஜோதி மூச்சுவிடாமல் சொன்னாள். “இதப் போட்டுக்கிட்டு இந்த மெஷின ஓட்டுனா கத்தி கைய இழுத்துரும்னு சொல்லுங்க மேடம். நான் கட்டைய ஒரு பிடியில வச்சுத்தான் ஓட்டுவேன், அத இன்னைக்கு ஒளிச்சு வச்சுட்டாக. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க.”

தேவிப்பிரியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவரிடம் நாலு வார்த்தை சொன்னாள். இங்கிலீஷ் சிக்கனமான பாஷைதான் போலிருக்கிறது என்று நாகஜோதி நினைத்தாள். ஆடிட்டர் சிரித்தார். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அட்டையில் ஒரு டிக் அடித்துவிட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லிக் கையசைத்தார்.

அங்கேதான் அவள் ஏமாந்தாள். இத்தனை சொல்லியும் சிரிக்கிறார் என்றால் விஷயம் தெரிந்துதான் சிரிப்பார். எத்தனை கம்பெனி பார்த்த மனுஷர். இந்த இரும்புக்கு ஒன்றும் ஆகாதாக்கும், நாம்தான் ராஜபாண்டியை நினைத்து வீணாகப் பயந்துகொண்டிருக்கிறோமாக்கும். எட்டு வருஷம் அவள் கை கற்றதை ஒரு சிரிப்பு அழித்துவிட்டது. அவள் சுவிட்சைப் போட்டாள்.

முதல் கட்டை நல்லபடியாக உருண்டது. இரண்டாவது கட்டையில் கத்தி வலையைப் பிடித்தது. கத்தக்கூட அவளுக்கு நேரமில்லை. மெஷின் திணறி நின்றபோது கை கையாக இல்லை.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் ஆடிட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், தேவிப்பிரியாவும் வந்தாள். அவர் கண் சிவந்திருந்தது. இந்த முறை அவர் தேவிப்பிரியாவைக் கேட்கவில்லை. தன் செல்போனிடம் ஏதோ பேசி, அதை நாகஜோதியின் முகத்தருகே நீட்டினார். செய்தி வாசிக்கிற குரலில் போன் தமிழ் பேசியது: “இந்தக் கையுறை ஆபத்தானது என்று நீங்கள் ஏன் என்னிடம் கூறவில்லை?”

நாகஜோதிக்கு வலி மறந்துபோனது. தேவிப்பிரியாவைப் பார்த்தாள். அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“சொன்னேன் சார்,” என்றாள் நாகஜோதி. “சொன்னேன் சார். சொன்னேன்.”

போன் அதை இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும், அவர் திடுக்கிட்டுத் தேவிப்பிரியாவின் பக்கம் திரும்பினார். இந்த முறை அவள் நிறையப் பேசினாள், மெதுவாக, வருத்தமான முகத்தோடு. கேட்கக் கேட்க அவர் முகம் இளகியது. தலையாட்டினார். நாகஜோதியின் நல்ல கையை ஒரு தரம் தொட்டுவிட்டு வெளியே போனார்.

“என்ன மேடம் சொன்னீக அவர்ட்ட?”

“ஊசி மயக்கத்துல பேசறீங்கன்னு சொன்னனுங்க. மனசுல வெச்சுக்காதீங்கக்கா.” தேவிப்பிரியா பையைத் தோளில் மாட்டினாள். “உங்க கைக்குக் கிளவுஸ் லூசா இருந்துச்சு, அதுதான் காரணம்னு எழுதியாச்சுங்க. இன்னைக்குக் காலைலயே சின்ன சைஸ் வாங்கிட்டு வந்துட்டாங்க. ஜோதிகா கைக்கு அளவெடுத்தாப்பல இருக்குதுங்க.”