காலமானவருக்கு வந்த செய்தி

தான் இறந்துபோன செய்தியை அப்பா காலைச் சாப்பாட்டின்போது படித்தார். முளைப்பயறு சூப்பை உறிஞ்சிக்கொண்டே கைப்பேசியைத் தூரப் பிடித்து, "டேய் சாங்பில், நான் இன்னிக்கு விடியக்காலைல போயிட்டேனாம். நீதான் அனுப்பியிருக்க," என்றார்.

சாங்பில் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். பத்து நிமிடங்களுக்கு முன், பள்ளித் தோழனின் தாயார் மறைந்ததாக ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. எந்த ஆஸ்பத்திரியின் அஞ்சலி மண்டபம் என்று பார்க்க அதிலிருந்த இணைப்பை அமுக்கியிருந்தான். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். சாவுக்குப் போகாதவனை அவர்கள் ஊரான குன்சானில் யாரும் மனிதனாகச் சேர்க்க மாட்டார்கள். மண்டபம் எதுவும் திறக்கவில்லை. உள்ளே நுழைந்த வைரஸ், அவன் கைப்பேசியிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவன் பெயரிலேயே எழுதிவிட்டது: 'என் தந்தை இன்று அதிகாலை காலமானார். இடம் கீழே.' அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. 'தெரியாத இணைப்புகளை அமுக்காதீர்' என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டிய மகானும் அவனே.

அழைப்புகள் குவிந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவி மூன்றடுக்கு மலர்வளையத்துக்கே சொல்லிவிட்டிருந்தாள். "வரட்டும்டா, வீணாக்க வேண்டாம். என்ன, கொஞ்சம் முந்திக்கிச்சு," என்றார் அப்பா. பிறகு கிண்ணத்தைப் பார்த்தபடி, "எல்லாருக்குமா போச்சு?" என்றார்.

"எல்லாருக்கும்தான்."

"மூத்தவனுக்கும்?"

சாங்பில் தலையசைத்தான். பதினோரு வருடங்களுக்கு முன், அம்மாவின் சாவுக்குக் குடித்துவிட்டுத் தாமதமாக வந்த அண்ணனிடம், "என் சாவுக்கும் வராதே" என்று அப்பா கத்தியிருந்தார். அண்ணன் சொல் தட்டாத பிள்ளை. அதன்பின் எதற்குமே வரவில்லை.

சாங்பில் அப்பாவின் கைப்பேசியிலிருந்து போலீஸ் உதவி எண்ணைப் பிடித்தான். அவனுடையதை உடனே அணைக்கச் சொன்னார்கள். அணைத்த பிறகுதான் உறைத்தது: அண்ணன் கூப்பிட்டால்? அப்பாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். சூப்பு ஆறிப்போயிற்று. அவர் கரண்டியைத் தொடவில்லை.

"செத்தாலும் என்னன்னு கேக்க மாட்டானோ," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

மதியம் அவருடைய கைப்பேசி மணியடித்தது. திரையில் 'மூத்தவன்' என்ற பெயர். 'என் தந்தை இன்று அதிகாலை காலமானார். இடம் கீழே.'

"அப்பா, இது அண்ணன் எழுதினதில்ல. அவனும் அமுக்கியிருக்கான். அவன் போன்ல இருக்கிற எல்லாருக்கும் தானாப் போயிருக்கு."

"அமுக்கினானா? அப்போ எங்க வரணும்னு பாத்திருக்கான்."

"ஆமாப்பா."

"என் நம்பரை இன்னும் வச்சிருக்கான்."

சாங்பில் அதிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டான். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. அவனுக்கும் ஆறுதல் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அல்லது, துக்கத்துக்கான கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லாத மண்டபத்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக விசாரித்துக்கொண்டிருப்பான்.

அப்பா கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார்.

"அந்த லிங்க்கைத் தொடாதீங்கப்பா! பேங்க்ல உள்ளதெல்லாம் திருட்டுப் பசங்க வழிச்செடுத்துட்டுப் போயிடுவானுங்க."

"பெத்த பிள்ளை பதினோரு வருஷம் கழிச்சு வரச் சொல்றான். எங்கேன்னு பாக்க வேண்டாமா?"

சாங்பில் நீட்டிய கை பாதியில் நின்றது. வெள்ளைத் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. அப்பா அதை முகத்தருகே பிடித்துக்கொண்டு, முகவரி வரட்டும் என்று காத்திருந்தார்.