ரோஸ்மேரி செய்த ஈட்டி

ஏழு வருடமாக அந்த பனியன் கம்பெனியில் உடைந்த ஊசிகளுக்குக் காவல் ரோஸ்மேரிதான். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அவளிடம் கொடுக்க வேண்டும். அவற்றை முழு ஊசியாக அடுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டுவாள். முனை கடுகளவு குறைந்தாலும் புது ஊசி கிடையாது, அந்தத் தையல் லைனே நிற்கும். பின்னே, எங்கோ ஒரு குழந்தை போடப்போகிற பனியனுக்குள் அந்த முனை கிடந்தால்? ஒருமுறை ஒன்றரை மணி நேரம் லைனை நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் குதியோ குதியென்று குதித்தார். அவள் அசையவில்லை. ஊசி அறைச் சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

அப்பேர்ப்பட்டவளைத்தான் அந்தத் திங்கட்கிழமை ஊசித் திருடி என்றார்கள்.

விஷயம் இதுதான். அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் குணா. ஞாயிறு தவறாமல் அவன் வீட்டு மேசையில் போர் நடக்கும். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் வீரர்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, நாலு நண்பர்கள் சண்டை போடுவார்கள். எல்லாம் மீசை வைத்த ஆட்கள்! துப்பாக்கி முறிந்த ஒரு வீரனை அவன் கேன்டீனில் காட்டி வருத்தப்பட்டபோது ரோஸ்மேரி சிரித்துவிட்டாள். அப்புறம் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் களையாக இருந்தது. இவனுக்குத் துப்பாக்கி எதற்கு, சர்ச்சில் நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு இருப்பதுபோல் ஓர் ஈட்டி போதும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

பனியனில் விலைச்சீட்டைக் கோர்க்கும் பிளாஸ்டிக் டேக் பின்னை நறுக்கினாள். அது தண்டு. காலர் மடங்காமலிருக்க உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை இலைபோல் வெட்டித் தேய்த்தாள். அது முனை. இரண்டையும் ஓவர்லாக் நூலில் ஓர் இழையால் சுற்றிப் பசை வைத்தாள். கறுப்பு பெயின்ட் காய்ந்ததும் பென்சில் தூளை விரலால் தொட்டுத் தேய்த்தாள் பாருங்கள், எஃகேதான்! துப்பாக்கியின் மிச்சத்தை பிளேடால் சீவி, வீரனின் கைப்பிடியில் துளையிட்டு ஈட்டியைச் செருகினாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கே பெருமை பிடிபடவில்லை.

குணா அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். அது லைன் லைனாகச் சுற்றி மேனேஜர் குமாரசாமியின் கண்ணில் பட்டது. மறுநாள் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். ஊசி வெளியே போனது தெரிந்தால் ஆர்டரே போய்விடும், மனிதருக்கு வியர்த்துவிட்டது. ரோஸ்மேரியைக் கூப்பிட்டு போனை நீட்டினார்.

"இந்த மினுமினுப்பு ஊசிக்குத்தானுங்க வரும். ஏனுங்க அம்மிணி, நீங்களே இப்படிச் செய்யலாமுங்களா?"

சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தபோது அவளுக்குக் கண் எரிந்தது. வேலை போனால் இன்னொரு கம்பெனி. ஆள் தேவை என்று போர்டு தொங்காத கேட் இந்த ஊரில் ஏது? பேர் போனால் எங்கே போய் வாங்குவது? அழுதேயிருப்பாள். அதற்குள் இன்னொன்று உறைத்தது. இருபது வருடம் ஊசியோடு கிடந்த மனுஷன், அவள் பிளாஸ்டிக்கை ஊசி என்கிறார்!

"அந்தப் பொம்மையைக் கொண்டாரச் சொல்லுங்க சார். நம்ம மெஷின்லயே ஓட்டிப் பாத்துருவோம்."

பெட்டிக்குள் போகுமுன் எல்லா பனியனும் ஊசி கண்டுபிடிக்கும் அந்த மெஷினின் பெல்ட்டில் போயாக வேண்டும். துணுக்கு இரும்பு இருந்தாலும் கத்தி நின்றுவிடும். குணா ஓடிப்போய்க் கொண்டுவந்த வீரனை குமாரசாமி பெல்ட்டில் வைக்கப் போனார். ரோஸ்மேரி கையை மறித்தாள். முதலில் டெஸ்ட் கார்டு. மெஷின் தூங்கிவிட்டது என்று நாளைக்கு யாரும் நாக்கைப் புரட்டக் கூடாது. இரும்புப் பொட்டு வைத்த அந்த அட்டை உள்ளே போனதும் மெஷின் அலறியது.

பிறகு வீரன் போனான். பேக்கிங் பெண்கள் மடித்த பனியனும் கையுமாக நின்றார்கள். சத்தமில்லை. குமாரசாமி அவனைத் திருப்பி வைத்து அனுப்பினார். சத்தமில்லை. படுக்கவைத்தும் அனுப்பிப் பார்த்தார். மெஷின் வாயே திறக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஈட்டியைக் கிட்டத்தில் பார்த்தார். டேக் பின் என்று அவள் சொன்னதும் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார்.

ரோஸ்மேரி வாங்கவில்லை. உடைந்த ஊசி நோட்டை எடுத்துவந்து அன்றைய பக்கத்தை விரித்தாள்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நாளைக்கு ஆடிட்காரங்களும் பாக்கட்டும்."

அவர் எழுதினார்: 'ஈட்டி ஒன்று. மூன்று முறை சோதித்தது. ஊசி அல்ல.' கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர், மறுபடி குனிந்து அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'செய்தவர் ரோஸ்மேரி.'

அந்த வரியை எழுதச் சொல்லி அவள் கேட்கவேயில்லை. இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.