சைனஸ் என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு விடுப்புக் கடிதத்தில் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் என் தம்பி கௌஷிக்கின் அலுவலகத்துக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். 'கடுமையான சைனஸ் தொல்லையால் நான்கு நாட்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார்.' படுக்கையில் இருந்தது உண்மை. மற்றது என் கற்பனை. பத்திரிகைகளில் என் கதைகள் எட்டோ ஒன்பதோ வந்திருக்கின்றன. அந்தக் கடிதத்தை நம்பியதுபோல அவற்றில் எதையும் யாரும் மறுபேச்சில்லாமல் நம்பியதில்லை.

என் பெயர் கிரிஜா. புனேயில், சாங்வியில் அம்மாவோடு இருக்கிறேன். வங்கியில் வேலை. நான் சொல்லப்போவது கொகெய்னைப் பற்றி. நாற்பதை நெருங்குகிறவள், ரவா உப்புமாவை அடிப்பிடிக்க விடுகிறவள், இவள் அதைப் பற்றி என்னத்தைக் கண்டாள் என்று உங்களுக்குத் தோன்றினால் நியாயம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருக்கிறது.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

'அவன் கண் விழித்தபோது நகரம் பனியில் மூழ்கி—' (வேண்டாம். நான் பனியைக் கூப்பிட்டாலே எதையோ மறைக்கப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.)

'கொகெய்ன் என்பது தென் அமெரிக்காவில் விளையும் ஒரு செடியின் இலையிலிருந்து—' (பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு போடலாம்.)

'எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மூக்குதான் காரணம்.' (இது இருக்கட்டும்.)

கௌஷிக்கின் மூக்கு ஒழுக ஆரம்பித்தபோது அம்மா, "பூனா குளிர் இவனுக்கு ஒத்துக்கலை" என்றாள். அவன் பிறந்ததே இங்கேதான். இருபத்தேழு வருஷம் ஒத்துக்கொண்ட குளிர் திடீரென்று ஏன் முறைத்துக்கொண்டது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து அவன் முகத்தருகே கொண்டுபோவாள். "ஒரு பக்கம் மூடிண்டு இழுடா. ம், இப்ப அந்தப் பக்கம்" என்பாள். அவனும் சமர்த்தாக இழுப்பான். பட்டு என்று பெயர் கொண்ட என் அம்மா தன் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தது அப்படித்தான்.*

* அம்மாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். ஓமத்தை வறுத்துக் கொடுத்ததே பல நாள் நான்தான்.

3

கௌஷிக்கை இன்னும் உங்களுக்குச் சரியாகக் காட்டவில்லை. அவனை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நல்லவனாக எழுதினால் அக்காவின் பாசம், கெட்டவனாக எழுதினால் அக்காவின் கோபம். நடுவில் இருப்பவன் பிடிபட மாட்டேன் என்கிறான்.

தெரிந்ததைச் சொல்கிறேன். விழாக்களுக்கு விளக்கும் மேடையும் அமைக்கும் கம்பெனியில் வேலை. கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரிக்குப் போய் க்ரீம் ரோல் வாங்கிக்கொண்டு சரியாக ஒன்பது மணிக்கு வருவான். வாசலில் இரண்டு ஹார்ன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு என்பான். தமிழ் பேசுவான், தடுக்கித் தடுக்கி. எழுத்துக் கூட்டி 'அம்மா' வரைக்கும் படிப்பான், அதற்குமேல் பொறுமை கிடையாது. என் கதை வந்த பத்திரிகையை நீட்டினால் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா இருக்கு அக்கா" என்பான்.

ஒரு நாள் அவன் அறையில் சிடி உறைமேல் வெள்ளைப் பொடியையும் சுருட்டிய காகிதத்தையும் பார்த்தேன். கத்தினேன். அவன் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஷோ முடிஞ்சப்புறம் எல்லாரும் எடுக்கறா அக்கா. மத்லப், அதாவது, தலைக்குள்ள ஸ்டேஜ் லைட் போட்ட மாதிரி இருக்கும். அரை மணிதான். அப்புறம் ஃபுல் அந்தேரா. அந்த இருட்டு தாங்கலைன்னுதான் திரும்ப..." என்றான்.

"விட்டுடுடா."

"விட்டுடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே."

நான் சொல்லவில்லை. அவனும் விடவில்லை. இரண்டு பேரும் பதினான்கு மாதம் அப்படியே இருந்தோம்.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பிற்பாடு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது: அந்தப் பொடி, மூளை சந்தோஷத்துக்கென்று வைத்திருப்பதை ஒரே மூச்சில் கொட்டிக் கவிழ்த்துவிடுகிறது. பிறகு மோர்சாதமும் பாட்டும் அக்காவும் ருசிப்பதில்லை. கை தானாக மறுபடி அதையே தேடுகிறது. மனவுறுதி இல்லாதவனுக்கு வருகிற வியாதி என்று நான் நினைத்திருந்தேன். ஜுரத்தை மனவுறுதியால் இறக்க முடியுமா என்று சொல்லித்தந்தவர் திருப்பிக் கேட்ட பிறகுதான் வாயை மூடினேன். மூக்கின் நடுச்சுவர் அரித்துப்போகும். அதைவிட மோசம், நெஞ்சு.)

4

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

2004 தசரா அன்று காலை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்த கௌஷிக் ஹேண்டிலைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தான். சட்டையெல்லாம் வேர்வை. "நெஞ்சு அக்கா" என்றான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் மராத்தியில் என்னிடம் கேட்டார்:

"என்ன எடுத்துக்கொண்டார்?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாலைக்கு எடுத்த சாமந்தி அவள் பிடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. நான்—

நான் அப்போது—

(எழுதுடீ.)

நான் சொன்னேன்: "அவனுக்குச் சைனஸ். அதற்குத்தான் மாத்திரை."

டாக்டர் விடவில்லை. "தெரியாமல் நான் ஏதாவது ஊசி போட்டுவிட்டால் ஆபத்து அக்கா. வேறு ஏதாவது?"

"வேறு ஒன்றும் இல்லை. சைனஸ்தான்."

இரண்டு தடவை. என் தம்பி சாகக் கிடக்கிறான், எனக்கு அம்மா முகம்தான் பெரிதாக இருந்தது. கௌஷிக் ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கி, "கோக் எடுத்தேன் டாக்டர். காலேல" என்றான். டாக்டரிடம் சொன்னானே தவிர, பார்த்தது என்னை. அவனைக் காப்பாற்றியது அவன்தான்.

5

நகரத்துக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு நாள் இருந்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டார் ஒருவர் கடிதம் எழுதிவந்து எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். ஆலோசகர் வைஷாலி தாயி (தாயி என்றால் மராத்தியில் அக்கா) ஹிந்தியில் கண்டிப்பாகச் சொன்னார்: "தேதி, நடந்தது, உங்களுக்கு என்ன ஆயிற்று. அவ்வளவுதான். அலங்காரம் வேண்டாம்."

என்னிடம் போய் அலங்காரம் வேண்டாம் என்றால்? பதினோரு பக்கம் எழுதினேன். தமிழில். மழை, சாமந்தி, அம்மாவின் கை எல்லாம் இருந்தது. அழுதுகொண்டே எழுதி, அழுதுகொண்டே பிரதி எடுத்தேன். படிக்க எழுந்து நின்றபோதுதான் உறைத்தது: வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது. யாருக்காக எழுதினேனோ அவனுக்கு 'அம்மா'வுக்குமேல் படிக்க வராது.

வாய்க்கு வந்த ஹிந்தியில் சொல்லிக்கொண்டு போனேன். தசரா வந்தது. என் தாளில் இப்படித்தான் இருந்தது: 'டாக்டர் கேட்டார். அவன் சொன்னான்.' நடுவில் நான் இரண்டு தடவை சொன்னது இல்லை. விட்டுப்போனதா என்றால், இல்லை. விட்டேன்.

கௌஷிக் தமிழில் மெதுவாகக் கேட்டான்: "நடுவுல நீ ஏதோ சொன்னே இல்ல அக்கா?"

"ஞாபகமில்லையேடா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தாயி அடுத்தவரைக் கூப்பிட்டார்.*

* இது மூன்றாவது தடவை. எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காக.

6

வீட்டுக்கு வந்தான். அம்மா ஓமம் வறுத்தாள். கீழ்வீட்டு சுஷ்மா, "சைனஸ் தேவலையா?" என்று கேட்டால் நானும் அம்மாவும் தேவலை என்போம், அவன் பக்கத்திலேயே நிற்க. ஏழு மாதம் சுத்தமாக இருந்து, எட்டாம் மாதம் மறுபடி அந்தப் பழக்கத்தில் விழுந்தான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவனே தாயிக்கு போன் செய்து அவனே திரும்பப் போனான். அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை. அம்மா கேட்டவர்களிடமெல்லாம், "நாசிக்ல இருக்கான், அந்தக் காத்து சைனஸுக்கு நல்லதாம்" என்கிறாள்.

அவன் இருப்பது போபோடியில். ஆற்றைத் தாண்டினால் போபோடி. மையத்தில் பழக்கமான ஒருவரோடு ஒரு அறை, பகலில் இன்வர்ட்டர் பேட்டரிக் கடையில் வேலை, சாயங்காலம் அவனைப்போலப் பழக்கத்தை விட்டவர்களின் கூட்டம். பழைய நண்பர்களின் நம்பர்களை அழித்துவிட்டான். மேடை, விளக்கு வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டான். போன மாதம் போய்ப் பார்த்தேன். கன்னத்தில் சதை போட்டிருந்தது. எனக்கு கட்டிங் சாய், அரைத் தம்ளர் டீ, வாங்கிக் கொடுத்தான்.

"இன்னும் நினைப்பு வருமாடா?"

"ரோஸ் வரும், தினமும். இருபது நிமிஷம் இருக்கும், அப்புறம் போயிடும். அந்த இருபது நிமிஷம் யாருக்காவது போன் பண்ணிப் பேசணும். அதான் ரூல்."

"எனக்குப் பண்ணேன்."

"உனக்குப் பண்ணா சைனஸ்னு சொல்லுவே."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

"வீட்டுக்கு வாயேன்டா. ஞாயித்துக்கிழமை மட்டுமாவது."

"இங்க நான் டெய்லி எல்லார் முன்னாடியும் என் பேரு சொல்லி, என்ன பீமாரி, என்ன வியாதின்னு சொல்றேன். அதுலதான் ஒரு ஒரு நாளா ஓடறது. பதினாறு மாசம் ஆச்சு. அங்க வந்தா எனக்கு மூக்குல பீமாரி. ஒரு வாரம் தாங்கமாட்டேன் அக்கா."

"அம்மாவுக்குத் தெரியும்டா."

"தெரியும். யாரும் சொல்லமாட்டேளே." தம்ளரைக் கீழே வைத்தான். "அந்த லெட்டரை மறுபடி எழுது. நடுவுல விட்டதையும் போட்டு எழுது. அப்ப வரேன்."

7

முடிவுகள்.

அ. கணபதி வைக்கும் நாளில் கௌஷிக் வருகிறான். அம்மா அழுகிறாள். கொழுக்கட்டை. (அடித்துவிட்டேன். அம்மா அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நான் கதைகளில் செய்கிற சோம்பேறித்தனம்.)

ஆ. அவன் மறுபடி விழுகிறான், இந்தத் தடவை எழு— (இதை முடிக்க மாட்டேன். என் பேனாவை ஒடித்துப் போட்டாலும் முடிக்க மாட்டேன்.)

இ. நான் போபோடிக்குப் போய் இதைப் படித்துக் காட்டுகிறேன்.

மூன்றாவதுதான் நியாயம். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அவசரப் பிரிவு வந்ததும் என் வாய் தானாக ஹிந்திக்குத் தாவி, அந்த இரண்டு வரியைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிட்டது. மூன்று முறையும். ஆங்கிலத்தில் எழுதித் தரலாம். ஆங்கிலத்தில் எனக்கு எழுத வந்தது விடுப்புக் கடிதம்தான்.

அதனால்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அச்சில் வந்ததை நான் தாண்ட முடியாது. அம்மா இந்தப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் படிப்பாள். படிக்கட்டும். நாசிக் என்று அவள் சொன்னதும் இதில் இருக்கிறது, ஓமம் வறுத்த என் கையும் இருக்கிறது.

எனக்கு அவன் வேண்டும். இதை அலங்காரம் இல்லாமல் எழுத நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

வாசகரே, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரிகிறது. அவனுக்குத் தெரியாது. புனேயில் இருப்பவராக இருந்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள். போபோடி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை, மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. நெட்டையாக, கன்னத்தில் சதை போட்டவனாக ஒருத்தன் இருப்பான். அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நான்காம் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நடுவில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டுவிட்டு அவன் ஏதாவது சொல்வான். அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. என்ன சொன்னான் என்று எனக்கு எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். ஹார்ன் கேட்டால் தெரிந்துகொள்வேன்.