வரிசையில் பதினோராவது ஆள்

வந்துவிட்டார், வராமல் இருப்பாரா, கழுகுக்கு மூக்கில் வியர்த்த மாதிரி தொகுதியில் எந்த மூலையில் சாவு விழுந்தாலும் இந்த மனிதருக்குத் தெரிந்துவிடும், அதோ துக்கக் கூடத்தின் வாசல் கதவோரம், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், ஊராரோடு ஊராராக வரிசையில் நிற்கிறார் எம்.பி. ஃபின்டன் மல்ரேனி. நோரீன் எண்ணிப் பார்த்தாள், பதினோராவது ஆள். நடுவில் பத்துப் பேர், பத்துக் கைகள். ஒவ்வொருவரும் முதலில் அவள் கொழுந்தன் டோமினிக்கின் கையைக் குலுக்கி, அப்புறம் அவள் கையைக் குலுக்கி, "வருத்தமா இருக்கு நோரீன்" என்று சொல்ல, அவள் "வந்ததுக்கு நன்றி" என்று சொல்ல, பிறகு அவர்கள் அவளுக்கு அந்தப்பக்கம் இருக்கிற காலி இடத்தைத் தாண்டிப் பெட்டிக்குப் போய், அவள் புருஷன் மலாக்கியின் விரல்களில் சுற்றியிருக்கும் ஜெபமாலையைத் தொட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்கப் போகிறார்கள்... இப்படி ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷத்தில் அந்தக் கை அவள் முன்னால் வந்து நீளும். கொடுப்பதா வேண்டாமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று வழிமொழிந்தது யார், நீதானேடி?

ஆமாம், அவள்தான். செப்டம்பர் கூட்டத்தில் கன்செப்டா நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள், ஆஸ்பத்திரிப் போராட்டக் குழுவுக்குச் செயலாளர் அவள், தொண்டை மட்டும் தலைவருக்குமேல். "ஆஸ்பத்திரி வாசல்ல லாரி மேல ஏறி நின்னு இந்த மல்ரேனி என்னா சொன்னான்? என் உசிரு இருக்கிறவரைக்கும் இந்த அவசரப் பிரிவோட கதவு சாத்தாதுன்னான். ஓட்டு வாங்கி அஞ்சு மாசம் ஆகலை, சாத்துன்னு கை தூக்கிட்டான். அந்தக் கைய இனிமே இந்த ஊருல எவனும் தொடக்கூடாது!" நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மேற்கு மண்ணில் ஜமீன்தாரின் ஏஜெண்டை நம் பூட்டன்மார் என்ன செய்தார்கள், அடித்தார்களா, சுட்டார்களா, ஒருவரும் பேசவில்லை, ரொட்டி விற்கவில்லை, குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை, அவ்வளவுதான், அவனே மூட்டை கட்டிக்கொண்டு ஓடினான்... அந்தக் கதையை இங்கே பால்குடிக் குழந்தைகூடச் சொல்லும், ஆனாலும் அன்றைக்குக் கேட்கும்போது நோரீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள், சாவு வீட்டுக்கு வந்தா என்ன பண்றது என்று. அவள்தான் எழுந்தாள். "சாவு வீடா இருந்தாலும் கை கிடையாது. பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவன் வேணா கொடுக்கட்டும். நான் வழிமொழியறேன்." மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்து மலாக்கியிடம் சொன்னபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் எப்படிச் சிரிப்பான், அவன் அப்பா, அப்பாவுக்கு அப்பா, எல்லாரும் மல்ரேனியின் கட்சி, உள்நாட்டுச் சண்டைக் காலத்திலிருந்தே அந்தக் கட்சி, ஞானஸ்நானம் மாதிரி ஒட்டிக்கொண்டது. தேர்தல் வந்தால் மல்ரேனியின் படத்தைக் கம்பம் கம்பமாக ஏறிக் கட்டுவது மலாக்கிதான், சொந்த ஏணி, சொந்தக் கயிறு, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டான். போராட்ட ஊர்வலத்துக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவான், தேவாலயத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு பேப்பர் படிப்பான். "போயிட்டு வா. மழை வந்தா கோட்டைப் போட்டுக்க. என் பேரை மட்டும் எங்கயும் இழுக்காதே." இவளும்தான் என்ன யோக்கியம், பிப்ரவரியில் வாக்குச்சீட்டில் ஒன்றாம் எண்ணை, முதல் விருப்ப ஓட்டை, மல்ரேனிக்குத்தானே போட்டாள், லாரி மேல் நின்றவன் பேச்சை நம்பி... யாரிடமும் சொன்னதில்லை, கன்செப்டாவிடம் சத்தியமாகச் சொன்னதில்லை.

எட்டுப் பேர். இப்போது கை கொடுப்பது தபால்காரரின் மனைவி, என்ன குளிர்ச்சி இந்தக் கை, வருத்தமா இருக்கு, வந்ததுக்கு நன்றி. டோமினிக் பக்கவாட்டில் சாய்ந்து காதோரம் முணுமுணுத்தான். "அண்ணி, மல்ரேனி வந்திருக்கார்." "பார்த்தேன்." "அண்ணன் முகத்துக்காகவாவது..." "உங்கண்ணன் கண்ணை மூடிட்டார் டோமினிக், முன்னால பாரு." பாவம், அவனும்தான் என்ன செய்வான், அண்ணனை அப்படியே உரித்து வைத்தவன். மல்ரேனிக்குப் பின்னால் ஒரு ஆள் தள்ளிச் சிவப்புத் தொப்பி தெரிகிறது, கன்செப்டா, கண்ணாலேயே கேட்கிறாள், என்னடி செய்யப் போறே? ஊரே அதைத்தான் பார்க்கிறது, தேநீர் அறைக்குப் போனவர்கள்கூடக் கோப்பையோடு கதவுப் பக்கம் வந்துவிட்டார்கள், வேடிக்கை பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது, துக்கத்துக்கு வந்தவர்கள், ஆனாலும் வேடிக்கைதான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் போதும். நாளைக்குத் தொகுதி முழுக்கப் பேச்சு, இனி ஒரு சாவுக்கும் இந்த ஆள் தலை காட்ட முடியாது, சாவுக்குப் போகாத எம்.பி. இந்த நாட்டில் ஜெயித்ததாகச் சரித்திரம் உண்டா...

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, கொல்லையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த மலாக்கியின் முகம் சாம்பல் நிறம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நாலு நிமிஷம், பிடித்து நடத்திக் கொண்டு போனால்கூடப் பத்து நிமிஷம், ஆனால் அங்கே அவசரப் பிரிவு இல்லையே, நாட்டுக்குக் கடனாம், வங்கிக்காரன் சூதாடித் தோற்றதற்கு நாம் வயிற்றைக் கட்ட வேண்டுமாம், கட்டினோம், வயிற்றை மட்டுமா கட்டினோம். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது, அவளும் ஏறிக்கொண்டாள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் மலாக்கி கண்ணைத் திறக்காமலே சொன்னான், "நம்ம ஆஸ்பத்திரி வாசல்." முப்பத்தொரு வருஷம் பால் டாங்கர் ஓட்டியவன், இந்தச் சாலையில் அவன் முதுகுக்குத் தெரியாத வளைவு கிடையாது. "பழைய பால்பண்ணை முக்கு... ஹானியன் வீட்டு இறக்கம்... இனிமே நேர் ரோடு, அஞ்சு மைல்." பேசாதீங்க என்றார் ஆக்ஸிஜன் பிடித்திருந்தவர். பேசினான். "கல்பாலம்" என்றான். கல்பாலத்துக்கு அப்புறம் பதினெட்டு மைல், அந்தப் பதினெட்டு மைலுக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பொண்ணு, சின்ன வயசு, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. "சொல்ல முடியாதுங்க" என்றது. சொல்ல முடியாதாம். பிழைத்திருப்பார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், பிழைத்திருக்கவே மாட்டார் என்றாவது சொல்லியிருக்கலாம், இரண்டும் இல்லாமல் இதை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தூங்குவாள்?

நாலு பேர். இடதுபக்கம் சில்லென்று இருக்கிறது, அங்கே யாரும் இல்லாததால்தானோ என்னவோ. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டியவன் டெக்லன், ஒற்றை மகன், கரண்ட் வேலை படித்தவன், இங்கே கட்டிடம் எல்லாம் பாதியில் நின்றுபோனதும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான், பெர்த்தில் இருக்கிறான். விசா மாற்றும் மனு நடுவில் கிடக்கிறது, இப்போது நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். "நான் வந்துடறேம்மா, விசா போனாப் போகுது" என்று போனில் கதறினான். இவள் என்ன சொன்னாள்? "வராதேடா. இங்க வந்து என்ன பண்ணுவே?" பெற்ற தகப்பன் சாவுக்கு மகனை வராதே என்று சொன்ன தாய் உலகத்தில் உண்டா, ஏன், இந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். டோமினிக் வந்து அந்தப்பக்கம் நிற்கட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள், அது மகன் இடம், காலியாகவே இருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

மூன்று. இரண்டு. கிழவர் ஒருவர், காது கேட்காதவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலாக்கியின் டாங்கர் ஒருமுறை தன் சுவரை இடித்த கதையைச் சொல்கிறார், சொல்லுங்கள் பெரியவரே, நன்றாக நீட்டிச் சொல்லுங்கள், ராத்திரி வரைக்கும் சொல்லுங்கள்... போய்விட்டார். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, இழுத்துக்கொள்ள வேண்டும், இப்போது, இதோ இப்போது... மல்ரேனியின் கை வந்து பற்றிக்கொண்டது. வலது கையால் குலுக்கல், இடது கை அவள் முழங்கைக்குக் கீழே, ஆயிரம் சாவில் பழகின பிடி. கொடுத்தாளா, அவராக எடுத்துக்கொண்டாரா? யாருக்கு வேண்டும் அந்த நியாயம், கை அங்கே இருக்கிறது, ஊர் பார்த்தாகிவிட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு நோரீன். மலாக்கி மாதிரி ஒரு ஆளு இனிமே கிடைக்க மாட்டான். என் படத்தை எல்லாம் கட்டினதே அவன் கைதான்..." என்று சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் நகரப் பார்த்தார். நகர முடியவில்லை. அவள் விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவளுக்கே தெரிவதற்குள் வாய் பேசிவிட்டது.

"எங்க போறீங்க? இங்க நில்லுங்க."

"நோரீன்..."

"இது என் மகன் நிக்க வேண்டிய எடம். பெர்த்துல உக்காந்து அழுதுட்டிருக்கான். ஏன் போனான், ஏன் வர முடியலேன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. அவன் வரலை, நீங்க வந்திருக்கீங்க. நில்லுங்க."

தேநீர் அறையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். மல்ரேனி டோமினிக்கைப் பார்த்தார், டோமினிக் தரையைப் பார்த்தான். துக்கக் கூடத்துக்காரர் கதவுப்பிடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மனிதர் மெதுவாகத் திரும்பி, அந்தக் காலி இடத்தில், பெட்டிக்குத் தலைமாட்டில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் நோரீனுக்குத் தான் செய்தது என்னவென்று புரிந்தது, ஐயோ, எவ்வளவு நல்ல யோசனை, யோசிக்காமலே வந்த யோசனை! இனி வருகிறவர்கள் எல்லாம் அவள் கையைக் குலுக்குவார்கள், அவரைத் தாண்டிப் போவார்கள். நாற்பது பேரோ ஐம்பது பேரோ, வாசலுக்கு வெளியேகூட மழையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தொடாமல் போகட்டும், நிற்கட்டும், ஒரு மணி நேரம் நிற்கட்டும், பெட்டிக்குள் இருப்பவன் முகத்தைப் பார்த்தபடியே நிற்கட்டும்.

முதல் ஆள் மருந்துக்கடைப் பையன், பயந்துபோய் இருவரையும் விட்டுவிட்டு ஓடினான். அடுத்தது கன்செப்டா. நோரீன் கண்ணாலேயே கூப்பிட்டாள், வா, வாடி, காட்டு. கன்செப்டா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள், தொப்பியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது, "தைரியமா இரு, என்ன?" என்றாள், விலகினாள், இடதுபக்கம் திரும்பினாள். பெட்டியோரம் ஒரு ஆம்பளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அந்த இடத்தில் நிற்பவனைப் பார்த்தால் இந்த ஊரில் பிறந்த கை என்ன செய்யுமோ அதைச் செய்தது கன்செப்டாவின் கை. "வருத்தமா இருக்கு" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, வெந்ததைக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட மாதிரி. "வந்ததுக்கு நன்றி" என்றார் மல்ரேனி. அவ்வளவுதான், அணை உடைந்தது, கன்செப்டாவே கொடுத்தாள் என்றால் மற்றவர்களுக்கு என்ன, வருத்தமா இருக்கு, நன்றி, வருத்தமா இருக்கு, நன்றி, செப்டம்பரில் மண்டபத்தில் தூக்கிய அதே கைகள், ஒன்றுகூட மிச்சமில்லை. அட வெட்கங்கெட்ட ஜனங்களே, கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு, யாருக்கடா வருத்தம் சொல்கிறீர்கள், செத்தது இவன் வீட்டிலா? ஆனால் எப்படிக் கத்துவது, முதலில் கை கொடுத்தது யார்?

வரிசை குறையவே இல்லை. அவள் செவ்வாயிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை. இடதுபக்கம் இப்போது சில்லிடவில்லை, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை, அதற்குள் ஒரு ஆள் மூச்சு விடும் சூடு. ஓரக்கண்ணால் பார்த்தாள், அழுகிறார், மூக்கு நுனியில் துளி நிற்கிறது, துடைக்கக் கை ஒழியவில்லை, நடிப்பா, நடிப்பாகத்தான் இருக்கும், மூக்கு ஒழுகும்படி எவனாவது நடிப்பானா? எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை, அவள் தோள் அவர் தோள்மேல் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. விலக வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த ஆள் வந்தார், அதற்கடுத்த ஆளும் வந்தார், விலகவில்லை.

பாதிரியார் ஜெபப் புத்தகத்தோடு உள்ளே வந்தார், கடைசி ஜெபம், பெட்டியை மூடப் போகிறார்கள், வீட்டார் மட்டும் இருக்கலாம் என்று கூடத்துக்காரர் மெதுவாகச் சொல்ல, ஊரார் ஒவ்வொருவராக வெளியேறினார்கள், கன்செப்டா போகும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நான் போகட்டுமா, நோரீன்?" என்றார் மல்ரேனி, மேடையில் கேட்கும் குரல் இல்லை, வேறு குரல்.

"இருங்க" என்றாள்.

எந்தக் கோபத்தில் இருங்க என்று சொன்னோம் என்று நோரீன் தனக்குள் தேடினாள், மூன்று நாளாக அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், நடந்தாள், இங்கே வந்து நின்றாள், இங்கேதானே இருந்தது... தேடத் தேட அது அகப்படவில்லை.