கழற்றக் கூடாத கணினி

2024 செப்டெம்பர் 6ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, பேர்லின் நொய்கெல்னில் பழைய தச்சுப் பட்டறை ஒன்றில் அலோசியஸ் தன் உடம்பில் ஒரு கணினியைக் கட்டிக்கொண்டான்.

பொழுதுபோக்காக மின்னணுச் சாமான்கள் செய்கிறவர்களின் கழகம் அந்தப் பட்டறையில் கூடுவது வழக்கம். இலையுதிர்காலக் கண்காட்சியில் கழகத்துக்கு ஒரேயொரு மேசைதான் கிடைக்கும். உடம்பில் அணியும் கருவியை வைக்க விரும்புகிறவர் அதைத் திங்கள் மாலைக் கூட்டம் வரை ஒரு தடவையும் கழற்றாமல் அணிந்திருக்க வேண்டும். குளிப்பதென்றால் இடுப்புக்குக் கீழே குளிக்கலாம். உடல்வெப்பத்தைக் கருவியே இடைவிடாமல் பதிந்துகொண்டிருக்கும். பதிவு அறுந்தால் மேசை இல்லை.

அலோசியஸ் லிப்ட் திருத்துகிறவன். லிப்டுக்கு அடியிலுள்ள இருட்டுக் கிடங்குக்குள் இரண்டு கையும் கிரீஸாக நிற்கும்போது மின்சுற்றுப் படம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற யோசனையில் தொடங்கிய வேலை அது. இரண்டு குளிர்காலம் அதில் போயிற்று. உள்ளங்கையளவு கணினியும் பற்றரியும் இடுப்புப் பட்டியில் இருந்தன. மூக்குக்கண்ணாடியில் நகமளவு திரையொன்றைக் கொளுவலாம், கழற்றலாம். வெப்பமும் அசைவும் அளக்கும் வில்லைகளை நெஞ்சில் ஒட்டி, வயர்களை ஆஸ்பத்திரி ரேப்பால் தோலோடு ஒட்டியிருந்தான். மேலே சேட் போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. யூபான் ரயிலில் வயரோடு நிற்கிற ஒருவனைச் சனம் எப்படிப் பார்க்கும் என்பதையும் அவன் யோசித்திருந்தான்.

கோயிலைத்தான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்தின் மகளுக்கு முருகன் கோயிலில் சோறு தீத்தல், முதன்முதலாகச் சோறூட்டுகிற சடங்கு. கிருஷாந் அலோசியஸோடு ஒன்றாக வேலை பழகியவன். அவனுடைய மனைவி சிவப்பிரியாவின் சகோதரர்கள் கனடாவில் இருந்தார்கள். வருசக்கணக்காக அண்ணா என்று கூப்பிடுகிற அலோசியஸ்தான் தாய்மாமனாக இருந்து பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். தேர்த் திருவிழாவுக்குப் போய் வீதியில் நின்று வடை சாப்பிட்டிருக்கிறான், உள்ளே போனதில்லை. உள்ளே முன்னுக்குப் போகிற ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் போவார்கள் என்பது வாசலில்தான் தெரிந்தது.

அங்கே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற விஜயரத்தினம் அவன் சேட்டைப் பார்த்தார்.

"தம்பி, அதைக் கழட்டிப்போட்டு முன்னுக்கு வாங்கோ."

"கழட்ட ஏலாது அண்ணை."

"ஐயர் பிள்ளையோடை காத்துக்கொண்டு நிக்கிறார். ஆம்பிளைக்கு என்ன வெக்கம்?"

சிவப்பிரியா உள்ளே இருந்து கையைக் காட்டினாள். அலோசியஸ் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். விஜயரத்தினம் நெஞ்சிலிருந்த வில்லைகளையும் வயர்களையும் இடுப்புப் பெட்டியையும் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. போன வருசம் அவருக்கும் இதயத் துடிப்பைப் பதிகிற பெட்டியொன்றைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள்.

"எப்ப கழட்ட வரச்சொல்லி Termin தந்தவை?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நாளைக்குப் பின்னேரம். அதுவரைக்கும் தொடக்கூடாது எண்டு சொன்னவை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. விஜயரத்தினம் அவன் முழங்கையைப் பிடித்து, படி இருக்கு, பார்த்து வாங்கோ என்று முன்னுக்குக் கூட்டிப்போனார். வழி தானாகத் திறந்தது. யாரோ கதிரை கொண்டுவந்தார்கள். பிள்ளை மடியில் இருந்து ஒரு வயரைப் பிடித்து இழுக்கப் பார்த்தபோது, நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் அதன் கையைப் பிடித்தார்கள். சாப்பாட்டில் அவனுடைய தட்டிலிருந்த வடைகளை ஒருவர் கேட்காமலே எடுத்துவிட்டு மோர் வைத்தார்.

விசயம் தெரிந்த கிருஷாந் காதருகே குனிந்தான். "இனி நீ நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கவேணும் மச்சான்."

விஜயரத்தினத்தின் மனைவிக்குக் கெல்சென்கிர்ச்சனில் ஒரு தங்கை இருக்கிறார். அந்தத் தங்கையும் அலோசியஸின் தாய் பிளோறன்ஸும் ஒரே கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்கிறார்கள். பாயாசம் முடிவதற்குள் தாயிடமிருந்து தொலைபேசி வந்தது. அலோசியஸ் வாசலுக்கு வெளியே வந்து, இது கணினி, தானே செய்தது, ஒரு போட்டிக்காகக் கட்டியிருப்பது என்று முழு உண்மையையும் சொன்னான். கோயிலுக்குச் சேட்டுக்குள்ளே கணினி கட்டிக்கொண்டு போகிற மனிதர் உலகத்தில் இருப்பார் என்பதைப் பிளோறன்ஸ் ஏற்றுக்கொள்ளவில்லை.

"உன்ரை அப்பாவும் நெஞ்சு நோவை வாய்வு எண்டுதான் சொன்னவர்" என்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டார்.

தகப்பனார் அப்படிச் சொல்லி ஒரு கிழமையில் இறந்துபோனவர். அலோசியஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் பிளோறன்ஸ் ரயிலில் வந்து இறங்கினார். கூட்டத்துக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. அலோசியஸ் தாயை ஸ்டேசன் வாங்கில் இருத்தி, தன் கண்ணாடியை அவருக்குப் போட்டு, நகமளவு திரையில் பஸ் வருகிற நேரத்தைக் காட்டினான்.

பிளோறன்ஸ் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

"பஸ் எப்ப வரும் எண்டு பாக்க ஆரும் நெஞ்சிலை வயர் ஒட்டுவினமே?"

வெப்பம், அசைவு, பதிவு என்று அவன் சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரியில் சொல்வது போலவே இருந்தது. பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஒரு டாக்டர் தன் கண்ணுக்கு முன்னால் பார்க்கட்டும், பார்க்கும்வரை ரயில் ஏறமாட்டேன் என்றார் பிளோறன்ஸ். ஏறமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பின்னேரம் வரை காத்திருந்தார்கள். கூப்பிட்ட இளம் பெண் டாக்டர் அவனைப் படுக்கச் சொல்லி, நெஞ்சிலிருப்பது என்ன என்று கேட்டார். கணினி என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அதைக் கழற்றாமல் ஈசிஜி எடுக்க முடியுமா என்று கேட்டான். தங்களுடைய வில்லைகளும் அதே இடத்தில்தான் ஒட்டவேண்டும், விருப்பமில்லையென்றால் எழுந்து போகலாம், கட்டாயமில்லை என்றார் அவர்.

பாதி திறந்திருந்த கதவால் வெளி நடைக்கூடம் தெரிந்தது. பிளோறன்ஸ் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அலோசியஸ் ரேப்பை ஒரு நுனியில் பிடித்து உரித்தான். மயிரோடு வந்தது. இடுப்புப் பட்டியை அவிழ்த்துக் கதிரையில் வைத்தான்.

ஈசிஜியில் பிழை எதுவும் இல்லை. பிளோறன்ஸ் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அன்றிரவே கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பினார். கண்காட்சி மேசை, மழை வந்தால் அதிர்கிற தொப்பி செய்த ஒருவருக்குப் போனது.