வாசலில் வைத்த மரியாதை

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரைவேட்டிதான் கட்ட வேண்டும் என்று கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், ராணுவச் சீருடைதான் போட வேண்டும் என்று மகன் அரவிந்த்குமார் ஒரு பக்கம். அவனும் ராணுவத்தில் மேஜர். உள்ளே கிடந்த ரத்தினவேல் முப்பத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஜெனரலாகி, அப்புறம் ஏழு வருஷம் மந்திரியாக இருந்தவர். முந்தாநாள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சொர்ணவல்லிக்கு இந்தச் சண்டை எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது. அண்ணன் சேவுகன் கோடி கொண்டு வருவானா, மாட்டானா?

புருஷன் செத்தால் பொறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுச்சேலை வர வேண்டும். கூடப்பிறந்தவன் கையால் அதை அவள் தோளில் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். சேவுகன் வீடு மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் நாலு வருஷமாக அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. கூப்பிட இவளுக்கும் முகமில்லை.

நார்த்தாமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செம்மண் ஊரிலிருந்து ஏர் உழுகிற ஒரு சம்சாரி மகன் ஜெனரலானது லேசுப்பட்ட காரியமில்லை. பனிமலையில் தொடையில் குண்டு பாய்ந்த பிறகும் இரண்டு சிப்பாய்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் கட்சி சீட் கொடுத்தது, ஊர் ஓட்டுக் கொடுத்தது. சேவுகன்தான் ஜீப்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை எங்க மச்சான், எங்க மச்சான் என்று கத்தினான். ஜெயித்தவருக்கோ ஜனங்களும் சிப்பாய்கள்தான். சொன்னதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்குவாரி வெடியில் வீட்டுச் சுவர்கள் பிளந்தபோது ஊர் கேட்கவில்லை. ரோட்டில் போய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கல் பறந்தது, போலீஸ் வேனுக்குத் தீ வைத்தார்கள். அங்கே நின்ற அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் மந்திரிக்குப் போன் போட்டார். மந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சுடச் சொல்லுங்க. ரெண்டு விழுந்தா மிச்சம் ஓடிரும்.”

போனை வைத்துவிட்டு மோர் கேட்டார். சொர்ணவல்லி ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்தது இரண்டுதான். அதில் ஒன்று சேவுகனின் ஒரே மகன் அருண்குமார். குண்டு கழுத்தில் ஏறித் தாடையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இருபத்திரண்டு வயசு. சாவு வீட்டுக்குப் போன சொர்ணவல்லியைச் சேவுகன் பெண்டாட்டி அழகி மண்ணை வாரித் தூற்றி விரட்டினாள். அந்த மண்ணுக்குத் தான் பொருத்தமானவள்தான் என்று நினைத்துக்கொண்டே சொர்ணவல்லி திரும்பினாள். மோர் ஊற்றியதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஒருவழியாகச் சீருடை ஜெயித்தது. உடம்பைத் தூக்கி வாசலில் பெஞ்சு மேல் வைத்துக் கொடி போர்த்தினார்கள். துப்பாக்கி மரியாதை சுடுகாட்டில்தான் நடப்பது வழக்கம். அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். அம்மாவும் பார்க்கட்டுமே என்று அரவிந்த்குமார் அதை வாசலுக்கே மாற்றியிருந்தான். பாசத்தில் செய்த முட்டாள்தனம். காலையில் அவளிடம் கேட்கத்தான் செய்தான். இந்த ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம் வேண்டாமப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிர்த்துப் பேசாத நாற்பது வருஷப் பழக்கம் விடுமா? ஒன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள்.

சிப்பாய்கள் வரிசையில் நின்றபோதுதான் சேவுகன் வந்தான். மேளம் இல்லை, தாம்பாளம் இல்லை, கூட அழகியும் இல்லை. கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற ஊர்க்காரர்கள் வழி விட்டார்கள். பிணத்தின் பக்கம் திரும்பாமல் நேரே தங்கையிடம் வந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. சொர்ணவல்லிக்கு அழுகை கிளம்பியது. இரண்டு நாளாகப் புருஷனுக்கு வராத அழுகை.

அதற்குள் உத்தரவு வந்து முதல் சுற்று வெடித்தது.

வெளியூர்க்காரர்கள் கைகட்டி நின்றார்கள். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் கவிழ்ந்தார்கள். சேவுகன் பையைப் போட்டுவிட்டுத் தங்கை மேல் பாய்ந்தான். அவளைத் தரையோடு தள்ளித் தன் உடம்பால் மூடிக்கொண்டான். அவள் நெற்றி பெஞ்சுக் காலில் இடித்துப் பிளந்தது.

“படுத்துக்க ஆத்தா. எந்திரிக்காத. படுத்துக்க.”

இரண்டாவது சுற்று வெடித்தது. அவன் உடம்பு துடித்த துடிப்பு அவளுக்குள்ளும் ஓடியது. மந்திரி சம்சாரத்தை எவனோ கொல்கிறான் என்று போலீஸ்காரர்கள் ஓடி வந்து அடித்தார்கள். துப்பாக்கிக் கட்டை அவன் முதுகில் இறங்கியது. தோளெலும்பு முறிந்த சத்தம் அவள் காதருகே கேட்டது. அவன் பிடியை விடவில்லை. அரவிந்த்குமார் பூட்ஸ் காலால் மாமனின் விலாவில் உதைத்தான், ஒருதரம் இல்லை, நாலைந்து தரம். மாமன் என்று தெரிந்துதான் உதைத்தானா என்பது அவனுக்கே தெரியாது. அண்ணனின் தலையில் விழ இருந்த அடியைச் சொர்ணவல்லி கையை நீட்டி வாங்கினாள். இரண்டு விரல்கள் மடங்கிப் போயின.

“எங்கண்ணன்டா” என்றாள்.

அடி நின்றது. அரவிந்த்குமார் மண்டி போட்டான்.

“மாமா, சும்மா மரியாதைக்குத்தான். வானத்தப் பாத்துத்தான் சுடுறாங்க.”

சேவுகன் எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினான். “அன்னைக்கும் போலீஸ் மைக்குல அப்படித்தான் சொன்னாங்க, மாப்ள” என்றான்.

அப்புறம் தங்கையைப் பார்த்தான். “அன்னைக்கு நான் தள்ளி நின்னுட்டேன், ஆத்தா. எட்டலை.”

மூன்றாவது சுற்று பாக்கி இருக்கிறது என்று ராணுவ அதிகாரி வந்து மெதுவாகக் கேட்டார். அரவிந்த்குமார் அம்மாவைப் பார்த்தான். நெற்றி ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டுச் சொர்ணவல்லி சொன்னாள்.

“வேணாம். துப்பாக்கிய எல்லாம் வண்டியில வைங்க.”

அதிகாரி சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பினார். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் உத்தரவு அது. தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். இனி கோடி விழ வேண்டியதுதான் பாக்கி. சேவுகன் நல்ல கையால் பையைத் தேடி எடுத்துச் சேலையை உருவினான். மனசில் இருப்பதைச் சொல்லாமல் அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

“அண்ணே, அவரு போன்ல சொன்னப்ப நான்தான் சோறு போட்டுக்கிட்டிருந்தேன். கேட்டுக்கிட்டேதான் நின்னேன்.”

சேவுகன் சேலையை மடியில் வைத்துக்கொண்டான். மண்ணில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சுட்டப்ப மத்தியானம் ரெண்டு மணி. சோறு வேற யாரு போட்டிருப்பா” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அழகிகிட்ட சொல்லிறாத” என்றான்.

பல்லால் கடித்து மடிப்பைப் பிரித்தான். ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டான். சேலை அவள் தோளில் நிற்காமல் சரிந்தது. மறுபடி தூக்கினான், கை எட்டவில்லை. சொர்ணவல்லி இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.