மின்வண்டி ஓடாது நின்ற காலை

கீழ்வானம் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் வெளுக்க, குன்றின் இப்புறத்து மனைகள் எல்லாம் ஒருங்கே கதவு திறந்து, எழுத்தரும் நெய்வோரும் ஆசிரியரும் கடைப்பணியாளருமாக மக்களைத் தெருக்களிற் சொரிய, அவர்கள் ஓடைகள் ஆற்றிற் கூடுவதுபோல் நிலையத்தை நோக்கி விரையும் அழகை, நற்சுவை அறிந்த அன்பரே, சற்றே நின்று காண்மின். ஆயின் அவ்வழகு குன்றைக் குடைந்த நெடுவழியின் வாயில் வரையில்தான். அதனுள்ளே ஏற்றத்தில் மூச்சுவாங்கி ஏறும் நீராவி வண்டி கக்கிய கரும்புகை பெட்டிகளை நிறைக்க, வெண்ணாடை உடுத்துப் புகுந்தோர் கரி பூசிய முகத்தினராய் மறுபுறம் வெளிப்படுவர்.

அவ்வண்டியை இருபத்தாறு ஆண்டுகளாகச் செலுத்தியவர், கைத்திறத்தால் ஊரார் மதிப்பைப் பெற்ற ஓட்டுநர் ஒருவர். அவருடைய ஒரே மகள் குன்றின் அப்புறத்துப் பள்ளியில் ஆசிரியை. நாள்தோறும் தந்தையின் வண்டியிலேயே சென்று, தந்தையின் புகையாலேயே நெஞ்சு புண்பட்டு இருமுபவள். அவள் கணவன் தொடர்வண்டிப் பணிமனைப் பொறியாளன். மனைவியின் இருமல் ஒவ்வொன்றும் தன் நெஞ்சில் உளியாய் இறங்க, கரியும் வேண்டாது, இழுப்பதற்குத் தனி வண்டியும் வேண்டாது, பெட்டிதோறும் அடியில் மின்னோடி பொருத்தி, எட்டுப் பெட்டிகளையும் முன்னிருக்கும் ஒரே கைப்பிடியால் இயக்கும் வண்டியை நான்காண்டு உழைத்து அவன் உருவாக்கினான். மெல்லிய கம்பி ஒன்று கைப்பிடியின் குறிப்பைக் கடைசிப் பெட்டி வரை கொண்டு செல்ல, எட்டும் ஒருசேர அடியெடுத்து வைத்த விந்தையைக் கண்டு பணிமனையோர் வாய்பிளந்து நின்றனர்.

மாமனார் மட்டும் வாய்பிளக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, வண்டின்னு சொல்றீங்க, ஒரு சத்தத்தையும் காணோம்! தூங்குதா?"

"உங்க கை பட்டா எழுந்திரிச்சிடும் மாமா. அந்த ஏத்தத்துல இதை ஓட்ட உங்களை விட்டா வேற ஆளில்லை."

முணுமுணுத்தவாறே இசைந்த முதியவர், ஒரு திங்கள் முழுதும் புதிய கைப்பிடியைப் பழகினார்.

வெள்ளோட்ட நாளும் வந்தது. தொடர்வண்டித் துறையின் தலைமை அலுவலரும் அவர்தம் சுற்றமும் இருக்கைகளில் நிமிர்ந்து அமர, மேடை மக்களால் நிரம்பியது. இறுதியாய் ஒருமுறை பார்ப்போமென்று வண்டியின் அடியில் தவழ்ந்து சென்ற பொறியாளன், மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் நான்காம் பெட்டியின் மின்தொடுப்புப் பேழையைத் திறந்தான், திறந்தவன் உறைந்தான். முந்தைய நாள் சோதனை ஓட்டத்தில் பாய்ந்த தீப்பொறி செப்பு முனைகளை உருக்கி, மேலிருந்த மரத்தளத்தை உள்ளங்கை அளவுக்குக் கரித்திருந்தது. மூடிவிட்டால் அறிபவர் எவருமிலர். வண்டி நலமாகவே சென்று சேரலாம். குன்றின் வயிற்றினுள்ளே பற்றி எரியவும் கூடும்.

வெளிவந்து, தூணருகே நின்ற மனைவியிடம் தாழ்ந்த குரலில் உரைத்தான். "சரி பண்ண மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ…"

"அதுவரைக்கும் இருமிக்கிட்டே போறேன், அவ்வளவுதானே? அந்தப் பெட்டியில என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏறும். போய்ச் சொல்லுங்க."

அவன் சென்று சொன்னான். தலைமை அலுவலரின் முகம் சிவந்தது.

"ஊரையே கூட்டி வச்சிட்டு இப்ப என்னய்யா இது? வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும் ஐயா. ஏறினவங்க எல்லாரும் பத்திரமா இறங்குவாங்கன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"பெரியவரே, நீங்க எடுங்க!" என்று அவர், வண்டியின் முன்னே கைப்பிடியருகில் நின்ற ஓட்டுநரை நோக்கி முழங்கினார்.

முதியவர் கைப்பிடியினின்று கையை எடுத்து, மெல்லக் கீழிறங்கினார். "இத்தனை வருஷத்துல எடுக்க மாட்டேன்னு நான் சொன்னதே இல்லைங்க. இன்னிக்குச் சொல்றேன். மாப்பிள்ளைங்கறதுக்காக இல்லை. தன் வேலையில இருக்கிற ஓட்டையைத் தானே காட்டுறவர் அவர். அவர் சரின்னு சொல்லட்டும், அப்ப எடுக்கறேன்."

அன்றும் புகைவண்டியே மக்களைச் சுமந்தது. செய்தித்தாள்கள் நகைத்தன, நகைப்பைக் கேளாதவன்போல் பொறியாளன், தீப்பொறியைக் காற்றெனத் தள்ளி அணைக்கும் காந்தமொன்றைச் செப்பு முனைகளின் அருகே அமைத்து, மரத்தளத்தின் கீழ் இரும்புத் தகடு வேய்ந்தான். பணி முடிந்த கரிக்கையோடு நாள்தோறும் வந்த மாமனார், தொடுப்பை நூறுமுறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் குனிந்து முகர்ந்து பார்த்தார். மகள் இருமியபடியே பள்ளி சென்று வந்தாள்.

மூன்று திங்கள் கழிந்த ஒரு வைகறையில், பலகணிகள் திறந்தவாறே அவ்வண்டி குடைவழியுள் நுழைந்தது. விளக்கொளியில் உளிபட்ட பாறையும், அதில் முத்துமுத்தாய்க் கசிந்த நீரும் ஒளிர, எட்டுப் பெட்டிகளும் ஏற்றத்தை இழைந்து கடந்தன.

"மாப்பிள்ளை, ஆயிரக்கணக்கான தடவை இதுக்குள்ள வந்திருக்கேன். இங்க தண்ணி ஊறுதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் ஓட்டுநர், அருகில் நின்ற மருமகனிடம்.

நிலைய முகப்பில் நாட்டிய கல், மின்வண்டி ஓடிய நாளைப் பொன்னெழுத்தில் உரைக்கின்றது. ஓடாது நின்ற நாளை உரைக்கும் கல் எங்கும் இல்லை. ஆயினும் அன்பரே, அக்குன்றின் வயிற்றினூடே அச்சமின்றி அமர்ந்து, கதை பேசியும் கண்ணயர்ந்தும் செல்வோர் அனைவரையும் தாங்கிச் செல்வது, எவரும் குறித்து வையாத அந்த ஒரு காலையே ஆகும்.